வண்ணமும் வாய்மையும்

பஸ் வண்டியொன்றில் ஏறுபவர் தாம் அறியாத ஒன்றின்மீது தமது உயிரை வைக்கிறார். வண்டியின் பிறேக் எந்நிலையில் உள்ளது, முன்சில்லின் ரயர் எவ்வளவு தேய்ந்துள்ளது, அடிச்சட்டத்தில் வெடிப்பு ஏதும் உண்டா என்பவற்றுள் எதனையும் அவர் ஆராய்வதில்லை. ஆராய விரும்பினும் அதற்கு வேண்டிய அவகாசமோ அறிவோ அவரிடம் இல்லை. தரிப்பிடத்தில் வண்டி நிற்கும் அரை நிமிடத்துள் அவர் காண்பன மூன்றே: வண்டியின் நிறம், அதன் பக்கத்தில் எழுதப்பட்ட பெயர், நெற்றியில் உள்ள ஊர்ப்பலகை. ஊர்ப்பலகை அவர் எங்கே போய்ச் சேர்வார் என்பதைச் சொல்லுகிறது. நிறமும் பெயரும் சொல்லுவது யாது? போய்ச் சேர்வார் என்பதையா?

இவ்வினா போக்குவரத்துத் துறையினருக்கு மாத்திரம் உரியதன்று. புறத்தோற்றம் ஒரு வாக்குறுதியாகுமா, ஆகுமெனின் அதனை அளித்தவர் யார், அது பொய்க்குமிடத்து விடைசொல்ல வேண்டியவர் யார் என்பன ஒழுக்கவியலின் பழைய வினாக்கள். வைத்தியர், ஆசிரியர், அரசு என எவரிடத்தும் இவற்றைக் கேட்கலாம். ஆயினும் பஸ் வண்டியிடத்துக் கேட்கும்போது ஒரு நன்மை உண்டு. அங்கே உள்ளும் புறமும் உவமையாகப் பேசப்படுவன அல்ல. புறம் என்பது பெயின்ற். உள் என்பது இரும்பும் இறப்பரும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு மெக்கானிக் கையால் தொட்டே காட்டிவிடுவார்.

வண்ணக்கோலமும் நிறுவனப் பெயரும் தோன்றுவதற்கு முன்னர்ப் பயணிகள் எதனை நம்பினர் என்பதை முதலில் நோக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒருகாலத்தில் ஓடிய தட்டிவான்கள் இதற்குத் தக்க சான்று. பலகையடித்த உடலுடன் சந்தைக்குச் செல்லும் மனிதரையும் மரக்கறிக் கூடைகளையும் ஒருங்கே சுமந்த அவ்வண்டிகளின் பக்கங்களிற் கம்பனி வண்ணம் எதுவும் இருக்கவில்லை. அது தேவைப்படவும் இல்லை. வண்டி யாருடையது, ஓட்டுபவர் யாருடைய மகன், சென்ற கிழமை எங்கே நின்றுவிட்டது என்பன ஊருக்குத் தெரிந்திருந்தன. ஆளை அறிந்தமையால் வண்டியை நம்பினர். ஆளை அறிதல் பிறேக்கை அறிதலாகாது என்பதும் உண்மையே. நல்ல மனிதரின் வண்டியும் மதகோடு மோதக்கூடும். எனினும் அங்கே பொறுப்புக்கு ஒரு முகம் இருந்தது. விபத்து நேர்ந்தால் எந்த வீட்டுப் படலையைத் தட்டுவது என்பது தெரிந்திருந்தது.

ஊர் நகரமாகும்போது இந்த அறிதல் இயலாது போகிறது. ஆயிரம் வண்டிகள் ஓடும் தெருவில் எந்த உரிமையாளரையும் எவரும் அறியார். அறிந்த முகத்தின் இடத்தை அப்போது ஓர் அடையாளம் பிடித்துக்கொள்கிறது. இலண்டனிற் பஸ் வண்டிகள் சிவப்பு நிறம் பெற்ற வரலாறு இதனை விளக்கவல்லது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரில் பல கம்பனிகள் பல நிறங்களில் வண்டிகளை ஓட்டின. அவற்றுட் பெரியதான இலண்டன் ஜெனரல் ஒம்னிபஸ் கம்பனி 1907 இல் தன் வண்டிகளுக்குச் சிவப்பு நிறத்தைத் தெரிந்துகொண்டது. தூரத்தில் வரும்போதே தன் வண்டி இன்னதென்று தெரியவேண்டும் என்பது அதன் நோக்கம், வணிக நோக்கமே. ஆனால் நாட்செல்ல அச்சிவப்பு ஒரு பொருளைப் பெற்றது. ஒழுங்காக வரும், ஒழுங்காகப் பராமரிக்கப்படும், கட்டணம் இவ்வளவுதான் என்னும் எதிர்பார்ப்புகள் அந்நிறத்தின்மேற் படிந்தன.

பொருள் பெற்ற அடையாளத்தைத் திருடுவதற்கும் ஆள் உண்டு. 1922 முதல் இலண்டன் தெருக்களிற் சிறு உரிமையாளர் பலர் புதிதாக வண்டிகளை இறக்கினர். கடற்கொள்ளையர் என்று பொருள்படும் பட்டப்பெயர் அவற்றுக்கு வழங்கியது. அவருட் சிலர் தம் வண்டிகளுக்கும் சிவப்பையே பூசினர். அவசரத்தில் ஓடிவந்து ஏறுபவர் ஜெனரல் கம்பனியின் வண்டியென்றே எண்ணிக்கொள்வர். வேறு சிலர் இதற்கு மாறாகத் தமக்கென ஒரு நிறத்தை வகுத்துக்கொண்டனர். அவ்வலையில் முதலில் வந்த ‘சொக்லேற் எக்ஸ்பிரஸ்’ பெயருக்கேற்பக் கபில நிறத்தில் ஓடியது. இங்கே நுண்மையான ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. சிவப்புப் பூசியவரும் கபிலம் பூசியவரும் இலண்டன் மாநகரப் பொலிசாரின் தகுதி விதிகளுக்கு உட்பட்டே வண்டியை வீதிக்குக் கொணர்ந்தனர். அவ்விதிகளோ கடுமையானவை, இரண்டுதட்டு வண்டிக்கு மேற்கூரை இடுவதற்கும் காற்றடைத்த ரயர் பூட்டுவதற்கும் 1920களின் நடுப்பகுதி கடந்த பின்னரே இணங்கும் அளவுக்குப் பழைமை பேணுவன. ஆகவே போலிச் சிவப்பு வண்டியில் ஏறியவர் பழுதான வண்டியில் ஏறினார் என்று கூறுவதற்கில்லை. அவர் ஏமாந்தது ‘யார்’ என்பதில். ‘எத்தகையது’ என்பதில் அன்று. இவ்விரண்டும் வேறென்பதை மறந்துவிடுவதே பிற்காலக் குழப்பங்கள் பலவற்றுக்கு வேராயிற்று.

1933 இல் இலண்டன் பயணிகள் போக்குவரத்துச் சபை உருவானபோது மத்திய பகுதியில் ஓடும் வண்டிகள் அனைத்தும் ஒரே நிருவாகத்தின் கீழ் வந்தன, சிவப்பு நிலைத்தது. அச்சிவப்புக்குப் பின்னால் நின்றது எது என்பதைக் காட்ட அல்டனம் என்னுமிடத்திலிருந்த பெரும் பழுதுபார் நிலையத்தைக் குறிப்பிட்டால் போதும். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் வளர்ந்து 1986 வரை இயங்கிய அத்தொழிற்சாலைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வண்டியும் சென்றது. ஆர்.ரி. வகை வண்டிகளின் உடல் அங்கே அடிச்சட்டத்திலிருந்து தூக்கிப் பிரிக்கப்பட்டது. இரண்டும் வெவ்வேறு வழியே சென்று புதுக்கப்பட்டன. மீளப் பொருத்தும்போது பழைய உடல் பழைய சட்டத்துக்கே வரவேண்டும் என்ற நியதி இருக்கவில்லை. உள்ளே வந்த வண்டியின் பதிவிலக்கத்தையும் அனுமதியையும் வெளியே செல்ல ஆயத்தமாயிருந்த வேறொரு வண்டி ஏற்றுக்கொண்டு புறப்பட்டது. மிலிந்த மன்னனிடம் நாகசேன தேரர் தேரைக் காட்டி அச்சு தேரா, சில்லு தேரா, நுகம் தேரா என்று வினவிய உரையாடலைப் படித்தோர்க்கு அல்டனத்தின் நடைமுறை வியப்பளிக்காது. அங்கே வண்டி என்பது ஒரு பெயர். அப்பெயருக்கு உரிய தகுதியை ஒவ்வொரு முறையும் புதிதாக உண்டாக்கிய பின்னரே அப்பெயரைச் சூட்டினர். சிவப்புக்கும் இரும்புக்கும் இடையே அவ்விடத்தில் ஓர் உண்மையான பிணைப்பு இருந்தது.

அந்த வண்டிகள் இலங்கைக்கும் வந்தன. இந்நாட்டிற் பஸ் சேவை 1958 சனவரி முதலாந் திகதி தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையிடம் சேர்ந்தது. அதற்கு முன்னர், 1942 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தின்படி வழித்தட அனுமதி பெற்ற தனியார் கம்பனிகள் ஒவ்வொன்றும் தத்தம் பெயரோடு ஓடிவந்தன. சபை தோன்றிய பின்னர், 1950களின் இறுதியிலும் 1960களிலும், இலண்டனில் ஓடி ஓய்ந்த ஆர்.ரி. வகை இரண்டுதட்டு வண்டிகள் பெருந்தொகையாக வாங்கப்பட்டுக் கொழும்பு வீதிகளில் ஓடின. சிவப்பும் உடன் வந்தது என்று சொல்லலாம். ‘சிவப்பு பஸ்’ என்றாலே அரசின் பஸ் என்னும் வழக்கு நாட்டில் ஊன்றிவிட்டது. வெரஹெரவிலே மத்திய வேலைத்தளம் ஒன்று அமைந்தது. நாடெங்கும் டிப்போக்கள் அமைந்தன. இலாபம் தராத வழியிலும், இரவின் கடைசிப் பயணத்திலும், ஊரின் எல்லைவரை அச்சிவப்பு சென்றது. அந்நிறம் அக்காலத்திற் குறித்த வாக்குறுதி வண்டி நல்ல வண்டி என்பதன்று. வண்டி வரும் என்பதே. அந்த வாக்குறுதியின் பெறுமதியை ஒதுக்குப்புறக் கிராமத்தாரும் தோட்டத் தொழிலாளரும் அறிவர்.

பின்னர் நிகழ்ந்தவை விரைவிற் சொல்லத்தக்கன. 1978 இல் சபை பிராந்திய சபைகளாகப் பிரிந்தது. 1979 இல் தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. 1990களில் டிப்போக்கள் கம்பனிகளாக மாற்றப்பட்டன. 2005 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் போக்குவரத்துச் சபை மீண்டும் உருப்பெற்றது. இம்மாற்றங்களின் நன்மை தீமை இங்கு ஆராயப்படும் பொருளன்று. கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்று: நிறத்துக்குப் பின்னால் நின்ற நிறுவனம் பலமுறை உடைந்து மீளக் கட்டப்பட்டது, பயணியின் மனத்திலோ சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அடையாளத்தின் ஆயுள் அது குறித்த பொருளின் ஆயுளிலும் நீண்டது. இதற்கு இலங்கை மாத்திரம் எடுத்துக்காட்டன்று. பிரித்தானியாவில் தேசிய பஸ் கம்பனி 1972 இல் தன் கீழிருந்த பல கம்பனிகளின் பழைய நிறங்களை அகற்றி எங்கும் ஒரே சிவப்பையோ ஒரே பச்சையையோ பூசுவித்தது. 1986 ஒக்ரோபர் 26 இல் இலண்டனுக்கு வெளியே சேவைக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டு, அக்கம்பனியும் துண்டுகளாக விற்கப்பட்டபோது, அதே வண்டிகள் மறுபடியும் நூறு நிறங்களைப் பூண்டன. நிறம் மாறிய நாளில் எந்த வண்டியின் பிறேக்கும் மாறிவிடவில்லை.

இனி, பெயின்ற் பொய் சொல்லுமா என்னும் வினாவுக்கு வரலாம். பொய் என்பது கூற்றுக்கு உரியது. பெயின்ற் எதனையும் கூறுவதில்லை என்று ஒருவர் வாதிடலாம். வழக்கு மன்றில் அவ்வாதம் வெல்லவுங்கூடும். தமிழ் மரபு இத்தகைய வாதத்துக்கு இடங்கொடுத்ததில்லை. கூடாவொழுக்கம் பற்றிய திருக்குறள் அதிகாரத்தில் வாயாற் சொன்ன பொய் பற்றிய பேச்சு மிகக் குறைவு. அங்கே கடியப்படுவது வேடம். புலித்தோல் போர்த்துப் பயிர் மேயும் பசுவும், உடல் முழுதும் செந்நிறமாய் மூக்கில் மாத்திரம் கறுத்த குன்றிமணியும் ஒரு சொல்லும் பேசவில்லை. எனினும் அவை பொய்யின் உவமைகளாயின. காண்பவரிடத்து எத்தகைய நம்பிக்கையை எழுப்பும் என்பதை அறிந்து பூணப்பட்ட தோற்றமும் ஒரு கூற்றே என்பது வள்ளுவர் உட்கிடை. துருப்பிடித்த தகட்டை அடைத்து, ரிங்கரிங் வேலையும் பெயின்றிங்கும் முடித்துப் புது வண்டிபோல் நிறுத்தும் உரிமையாளர், அடிச்சட்டத்தின் வெடிப்பை அறிந்தவராயின், குன்றிமணியின் உவமை அவருக்குத் தையலிட்ட சட்டைபோற் பொருந்தும்.

ஆயின் அத்தகையோர் சிலரே. தீயவரைக் கண்டிப்பது எளிது. சிக்கல், தீயவர் எவரும் இல்லாதபோது எழுவது. இன்று இலங்கையில் ஓடும் பஸ் வண்டியொன்றின்மீது எத்தனை கைகளின் அடையாளங்கள் உள்ளன என எண்ணிப் பார்க்கலாம். செசி எனப்படும் அடிச்சட்டமும் எஞ்சினும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவன. முகப்பில் உள்ள சின்னம் அவற்றைச் செய்த கம்பனிக்கு உரியது. உடலைக் கட்டியது உள்ளூர் வேலைத்தளம். பக்கத்தில் உள்ள பெயர் உரிமையாளரின் விருப்பம். மகளின் பெயராகவோ தெய்வத்தின் பெயராகவோ இருக்கலாம். வழித்தட அனுமதி ஓர் அதிகார சபை தந்தது. ஆண்டுதோறும் வேண்டப்படும் தகுதிச் சான்றிதழ் அங்கீகாரம் பெற்ற ஒரு கராஜ் தந்தது. அதனைக் காட்டியே வருமான அனுமதிப்பத்திரம் பெறப்படுகிறது. இவற்றுள் ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கக்கூடும். சான்றிதழ் கொடுத்த நாளில் பிறேக் நன்றாகவே இருந்திருக்கலாம். அனுமதி கொடுத்த அலுவலர் சான்றிதழை நம்பினார். உரிமையாளர் அனுமதியை நம்பினார். சாரதி உரிமையாளரை நம்பினார். பயணி எல்லாவற்றையும் நம்பினார். நம்பிக்கை கைமாறிக் கைமாறிச் சென்றது. அதற்கிடையில் பிறேக்கைத் தொட்டுப் பார்த்த கை ஒன்றே. அதுவும் பதினொரு மாதங்களுக்கு முன்னர்.

வில்லியம் கிங்டன் கிளிபோட் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877 இல் நம்பிக்கையின் ஒழுக்கம் பற்றி எழுதிய கட்டுரை ஒரு கப்பல் உரிமையாளரின் கதையோடு தொடங்குகிறது. குடிபெயர்வோரை ஏற்றிச்செல்ல இருக்கும் அவருடைய கப்பல் பழையது. அதன் உறுதி பற்றிய ஐயம் அவர் மனத்தில் எழுகிறது. எத்தனையோ பயணங்களை முடித்த கப்பல் இதனையும் முடிக்கும் என்று அவர் தம்மைத் தேற்றிக்கொள்கிறார். கப்பல் கட்டியோரின் நேர்மையைச் சந்தேகிப்பது பண்பன்று என்றும் எண்ணுகிறார். மெய்யாகவே நம்பிக்கை பிறந்துவிடுகிறது. கப்பல் நடுக்கடலில் மூழ்க, அவர் காப்புறுதிப் பணத்தைப் பெறுகிறார். அவரது நம்பிக்கை உளமார்ந்ததாயினும் அவர் குற்றவாளி என்பது கிளிபோட்டின் தீர்ப்பு. அவ்வாறு நம்புவதற்கு அவருக்கு உரிமை இல்லை. கப்பல் கரைசேர்ந்திருப்பினும் குற்றம் இம்மியும் குறையாது என்று அவர் மேலும் கூறுவது பலரைத் திகைக்க வைத்துள்ளது. ஆயினும் அது சரியே. விபத்து நேராத பழுதான வண்டிகள் நாள்தோறும் டிப்போவுக்குத் திரும்புகின்றன.

கிளிபோட்டின் உரிமையாளர் ஓர் ஆள். ஐயமும் தேற்றமும் ஒரே நெஞ்சில் நிகழ்ந்தன. மேற்கூறிய பஸ் வண்டியின் நிலை அவ்வாறன்று. ஐயம் ஒருவரிடத்தில் இருக்கிறது. தேற்றம் வேறொருவரிடத்தில் இருக்கிறது. தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் தொழில் பலரிடையே பகிர்ந்தளிக்கப்பட்டு விட்டமையால் எவருடைய மனச்சாட்சியும் உறுத்துவதில்லை. சான்றிதழும் இங்கே ஒருவகைப் பெயின்றாகிவிடுகிறது. வெளிப்பெயின்ற் பயணியின் ஐயத்தை மூடுகிறது. சான்றிதழ் உரிமையாளரின் ஐயத்தை மூடுகிறது. இவ்விரண்டில் பின்னையதே கொடிது எனல் வேண்டும். ஏமாந்த பயணி திருத்தும் ஆற்றல் இல்லாதவர். ஏமாந்த உரிமையாளரோ திருத்தும் ஆற்றல் உடையவர், அதனைப் பயன்படுத்தும் தேவையை உணராதவர்.

நற்பெயரைக் காக்கும் வேட்கையே நிறுவனங்களை நேர்மையாக நடக்கச் செய்யும் என்போரும் உளர். பெயருள்ள கம்பனி பெயர் கெட அஞ்சும். ஆதலால் வண்டியைப் பேணும். 1785 இல் இமானுவேல் கான்ற் இத்தகைய ஒரு கடைக்காரரை ஆராய்ந்தார். அனுபவமில்லாத வாடிக்கையாளரிடமும் அவர் கூடிய விலை கேட்பதில்லை. கேட்டால் வியாபாரம் கெடும் என்பதே காரணம். அச்செயல் கடமைக்கு இயைந்ததாயினும் ஒழுக்கப் பெறுமதி உடையதன்று என்பது கான்றின் முடிவு. பயணிக்கு இத்தீர்ப்பினால் ஆவது ஒன்றுமில்லை. இலாபம் கருதிப் பேணப்பட்ட பிறேக்கும் வண்டியை நிறுத்தும். எனவே கான்றை விடுத்து நடைமுறைப் பயனால் இவ்வாதத்தை அளப்பதே முறை. அளந்தாலும் அது ஓரிடத்திற் குறைவுபடுகிறது. நற்பெயர் கண்ணுக்குத் தெரிவதாலேயே வளர்வது. குளிரூட்டி, திரைச்சீலை, சாயும் இருக்கை, பாட்டுப்பெட்டி ஆகியவற்றுக்குச் செலவிட்ட பணம் மறுநாளே பெயராக மாறும். அடிச்சட்டத்தின் கீழே செலவிட்ட பணத்தை எவரும் காணார். அதன் பயன் நிகழாத ஒன்று, நேராத விபத்து. நேராத விபத்துக்காக எந்தப் பயணியும் ஒரு கம்பனியைப் புகழ்ந்ததில்லை.

இந்நோக்கில் 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையில் நிகழ்ந்த ஒன்று சிந்தனைக்கு உரியது. ‘கிளீன் ஸ்ரீ லங்கா’ வேலைத்திட்டத்தின் கீழ், பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டப்பட்ட மேலதிக அலங்காரங்களையும் உதிரிகளையும் அகற்றும் நடவடிக்கையைப் பொலிசார் சனவரியில் மேற்கொண்டனர். தனியார் பஸ் உரிமையாளர் சங்கங்கள் எதிர்த்தன. பின்னர் கால அவகாசம் வழங்கப்பட்டது. நடவடிக்கையை நியாயப்படுத்துவது கடினமன்று. எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும், நடந்து செல்பவரைக் கீறக்கூடிய கூரிய இரும்பும், சாரதியின் பார்வையை மறைக்கும் படங்களும் ஆபத்தானவை. ஆயினும் எதிர்த்தவரிடமும் ஒரு நியாயம் இருந்தது. தனி ஒருவரின் வண்டியில் உள்ள மின்குமிழ்களும் தெய்வப் படங்களும் பூமாலையும் எவரையும் ஏமாற்றும் நோக்கில் அமைந்தவை அல்ல. கடன்பட்டு வாங்கிய பொருளின்மேல் ஒருவர் வைத்த பற்றின் அடையாளம் அவை. பற்றுப் பராமரிப்பு ஆகாது என்பது வேறு. இங்கே உண்மையாகக் கவலைக்குரியது, வீதியோரத்தில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படுவது அலங்காரம் மாத்திரமே என்பது. பயணி செய்த தவற்றைப் பரிசோதனையும் செய்யும் இடர் அங்கே இருக்கிறது: புறத்தை நோக்கி உள்ளைத் தீர்மானித்தல். அலங்காரம் களைந்த வண்டி, அலங்காரம் செய்த வண்டியைப் போலவே, தன் பிறேக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதே ஆண்டு மே 11 ஆந் திகதி, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற அரச பஸ் ஒன்று கொத்மலைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெசாக் நாளுக்கு முந்திய நாள் அது. இருக்கைகளுக்கு மிகையான பயணிகள் அதில் இருந்தனர். அவர்கள் பேராசைக்கார முதலாளி ஒருவரின் வண்டியில் ஏறவில்லை. சிவப்பு வண்டியிலேயே ஏறினர்.

பெயின்ற் எப்போதும் மறைக்கவே பயன்படும் என்று கொள்ளுதல் தவறு. உள்நிலையை வெளியே காட்டுவதற்கென்றே பூசப்பட்ட பெயின்றும் வரலாற்றில் உண்டு. அதுவும் கப்பலிலிருந்தே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அளவுக்கு மிஞ்சிச் சுமையேற்றிய கப்பல்களைப் பிரித்தானிய மாலுமிகள் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றழைத்தனர். பாராளுமன்ற உறுப்பினர் சாமுவெல் பிளிம்சோல் 1873 இல் அவற்றைப் பற்றி நூலொன்றை எழுதி, இடையறாது போராடினார். 1876 ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு கப்பலின் பக்கத்திலும் சுமைக்கோடு ஒன்றை இடவேண்டும் என விதித்தது. அக்கோடு நீருக்குள் மறைந்தால் கப்பலிற் சுமை மிகை. இதனை அறிவதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை. கரையில் நிற்கும் எழுத்தறியாத மாலுமியும் கண்டுகொள்வான். எனினும் அச்சட்டத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. கோட்டை எங்கே இடுவது என்பதை உரிமையாளரே தீர்மானிக்கலாம். விரும்பிய உயரத்தில் இட்ட கோடு எதனையும் காட்டாது. பதினான்கு ஆண்டுகளின் பின்னர், 1890 இல், கோட்டின் இடத்தையும் சட்டமே வரையறுத்தது. பெயின்ற் அன்றுதான் உண்மை பேசக் கற்றது எனலாம்.

சுமைக்கோட்டின் சிறப்பு அது எளிமையானது என்பதில் மாத்திரம் இல்லை. உயிரைப் பணயம் வைப்பவரின் கண்முன்னே அது இடப்பட்டது. பஸ் வண்டியில் அதற்கு நிகரானது எது? வருமான அனுமதிப்பத்திரம் முன்கண்ணாடியில் ஒட்டப்பட்டுள்ளது. அது முதன்மையாகக் கட்டணம் கட்டியமைக்குச் சான்று, பொலிசார் படிப்பதற்கு உரியது. பிரித்தானிய பஸ்களில் வேறொரு வழக்கம் உண்டு. பக்கத்தில் ஓங்கி எழுதப்பட்ட வர்த்தகப் பெயர் எதுவாயினும், கீழே ஓரமாகச் சிறிய எழுத்தில், அனுமதி பெற்ற சட்டபூர்வ உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும். பெரிய பெயர் அறியப்படுவதற்கு. சிறிய பெயர் விடைசொல்லுவதற்கு. தட்டிவான் காலத்தில் ஊரார் அறிந்திருந்த படலையை அச்சிறு எழுத்து மீளக் காட்டுகிறது. கதவருகே, பயணி ஏறும்போது கண்ணிற்படும் இடத்தில், பிறேக் கடைசியாக எந்த நாளிற் சோதிக்கப்பட்டது, எத்தனை பேரை ஏற்றலாம், விடைசொல்லவேண்டியவர் யார் என்னும் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதுவதற்கு ஆகும் பெயின்ற் மிகச் சிறிது.

அவ்வாறு எழுதியபின் பொறுப்புத் தீர்ந்ததா? இல்லை. சோதித்த நாள் கடந்துவிட்டது என்று கதவில் எழுதியிருப்பினும், பகலில் ஒரே ஒரு பஸ் செல்லும் ஊரார் அதிலேயே ஏறுவர். 1990களின் முற்பகுதியில் எரிபொருள் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளில் மக்கள் சென்றது அவற்றின் தகுதியை அறியாமையால் அன்று, அறிந்தே ஏறினர். வேறு வழி இல்லாதவர் அறிந்து ஏறுவதை உடன்பாடு என்று கூறி அவர்மேற் பொறுப்பைச் சுமத்துவது முறையாகாது. தகுதியற்ற வண்டியை நிறுத்தும் அதிகாரி அதன் இடத்துக்கு ஒரு வண்டியைக் கொடாவிடின், அவரும் ஆபத்தை வீதியிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தவரே ஆவார்: நோயாளி வைத்தியசாலைக்குச் செல்லவில்லை, பிள்ளை பரீட்சைக்குப் பிந்தியது. நியமங்களைக் கடுமையாக்குமாறு எழுதுவோர் பெரும்பாலும் பஸ்ஸில் செல்லாதோர் என்பதும் இங்கு நினைக்கப்படலாம்.

இத்தனை கைகளுக்கும் கண்களுக்கும் நடுவே வண்டியின் உள்நிலையை நாள்தோறும் அறிபவர் ஒருவர் இருக்கிறார். பிறேக் மிதியில் ஒரு விரற்கடை ஆழம் கூடினால் அது சாரதியின் காலுக்குத் தெரியும். திருப்பத்தில் வண்டி ஒருபுறம் இழுத்தால் அது அவருடைய கைக்குத் தெரியும். பயணிகளோடு அதே வண்டியில் தம் உயிரையும் வைத்திருப்பவர் அவர். ஆயினும் அவருடைய அறிவுக்கு எந்த நிறமும் இல்லை. அது வண்டியின் வெளியே எங்கும் எழுதப்படுவதில்லை. பிரித்தானியாவில் சாரதி ஒவ்வொரு நாளும் வண்டியைச் சுற்றிப் பார்த்துக் குறைகளை எழுதிக் கொடுக்கும் முறை உண்டு. எழுதியவற்றுக்கு என்ன செய்யப்பட்டது என்பதற்கும் பதிவு இருத்தல் வேண்டும். ஏனைய அடையாளங்கள் யாவும் வெளியிலிருந்து வண்டியின்மேல் இடப்பட்டவை. இது ஒன்றே வண்டியின் உள்ளிருந்து வருவது. மாலையில் ‘பிறேக் சரியில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்ட சாரதிக்கு மறுநாட்காலை அதே வண்டியின் திறப்பு கொடுக்கப்பட்டால் அவர் அதனை வாங்க மறுக்கலாமா, மறுத்தால் அன்றைய சம்பளம் அவருக்கு உண்டா என்பன இன்னும் ஒவ்வொரு டிப்போவிலும் ஒவ்வொரு முதலாளியின் முற்றத்திலும் தனித்தனியே தீர்மானிக்கப்படுகின்றன.